உட்காராத கொக்குகள்

எங்கள் ஐஸ் பாக்டரித் தெருவுக்கு மேலே கொக்குகள் வந்து சுற்ற ஆரம்பித்த அன்றைக்கு நான் மொட்டைமாடியில் மோர்மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் தெருவில் எல்லோருக்கும் முன்னால் அவற்றைப் பார்த்தவள் நான், எல்லோருக்கும் முன்னால் அவற்றைச் சந்தேகப்பட்டவளும் நான்தான். குளத்துக் கொக்குகள்தான், உழுகிற டிராக்டருக்குப் பின்னால் புழு பொறுக்கி நடக்கிற அதே வெள்ளைக் கொக்குகள்தான். முதலில் ஒன்று வந்தது, அப்புறம் ஒரு வரிசை வந்தது, அப்புறம் குளத்தில் கொக்கே மிச்சமில்லை என்கிற அளவுக்கு வந்து, எதிர்வீட்டு வடிவின் ஓட்டுக்கூரைக்கு மேலே பெரிய வெள்ளைத் திரிகை போலச் சுற்றின. சுற்றியதில் ஒன்றுகூட உட்காரவில்லை. உட்கார மனசில்லாமல் இல்லை. காலை நீட்டும், சிறகை ஒடுக்கும், சுவருக்கு ஒரு முழம் உயரம் வரைக்கும் இறங்கும், அங்கே வந்ததும் சுவரில் யாரோ விளக்கெண்ணெய் தடவி வைத்தது மாதிரி வழுக்கிக்கொண்டு மறுபடி மேலே போய்ச் சுற்றில் சேர்ந்துகொள்ளும். இரை எடுக்கவில்லை, உறங்கவில்லை, கீழே ஒரு சொட்டு எச்சம் போடவில்லை. இதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. எச்சம் போடாத பறவையை எப்படி நம்புவது?

நான் படித்த கான்வென்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பெர்னதெத், பூவேலை செய்த துணியை நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார்கள். வெடுக்கென்று திருப்பி, பின்பக்கத்து முடிச்சுகளைப் பார்த்துவிட்டு மார்க் போடுவார்கள். அத்தனை வருஷம் அங்கே படித்ததில் இன்றைக்கும் எனக்கு உதவுவது அது ஒன்றுதான். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்ப்பேன், சிரித்துக்கொண்டு வருகிற சொந்தக்காரர்களைத் திருப்பிப் பார்ப்பேன். கொக்குகளையும் திருப்பிப் பார்க்கவேண்டும் என்றுதான் இருந்தது, ஆனால் ஆகாயத்துக்குப் பின்பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

தெரு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் வீட்டுக்காரர் செல்போன் டவர்தான் என்றார். வீட்டில் எது கெட்டாலும் அவருக்கு டவர்தான், தயிர் புளித்தாலும் டவர்தான். பூட்டிக்கிடக்கிற ஐஸ் பாக்டரிக்குள் யாரோ மீன் பதுக்கியிருக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என் மோர்மிளகாய் வாடைதான் இழுக்கிறது என்று தெருமுனையில் ஒருத்தி சொன்னதாகவும் காதுக்கு வந்தது. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, கழுத்தில் தொங்கிய பைனாகுலரில் கொக்குகளைக் கொஞ்சநேரமும் எங்களை நெடுநேரமும் பார்த்துவிட்டு, நாங்கள்தான் நூல் கட்டி வைத்திருக்கிறோம் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனார். டிவிக்காரர்களும் வந்தார்கள். கேமராவில் பார்த்தால் அது வெறும் கொக்குகள் பறக்கிற மாதிரிதான் இருந்தது, போய்விட்டார்கள்.

பிறகு சித்திரை பிறந்தது, கத்தரி வெயில் வந்தது, தெரு தன் சந்தேகத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டது. ஏனென்றால் அத்தனை கொக்குகள் இடைவிடாமல் சுற்றினால் கீழே ஒரு நிழல் விழும் அல்லவா, அந்த நிழல் எங்கள் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூடிற்று, சிறகுக்காற்று வேறு. ஊர் முழுக்கத் தார் உருகி ஓடுகையில் எங்கள் தெருவில் மத்தியானம் செருப்பில்லாமல் நடக்கலாம். இஸ்திரி வண்டிக்காரர் தன் தார்ப்பாயைக் கழற்றி விற்றுவிட்டார். பக்கத்துத் தெருப் பெண்கள் கீரை ஆய முறத்தோடு இங்கே வந்து உட்கார்ந்தார்கள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று அசலூரிலிருந்து ஆட்கள் கேட்டு வந்தார்கள். நஷ்டம் எனக்கு ஒருத்திக்குத்தான், என் மோர்மிளகாய் காயவில்லை. நிழலில் கிடந்து பூசணம் பூத்தது. கொட்டிவிட்டு, கைகழுவிவிட்டு, அந்தச் சக்கரத்தின் நடு எந்த வீட்டுக்கு மேலே இருக்கிறதோ அந்த வீட்டில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று வடிவு வீட்டுக்குப் போனேன்.

வடிவு என்றால் சிதம்பரவடிவு. என் வயசுக்காரி, என்னை மதினி என்று கூப்பிடுவாள், முதுகுக்குப் பின்னால் 'கான்வென்ட்டு' என்பாள். அவள் சொந்தத் தாய்மாமனைக் கட்டினவள். அவள் மகள் பொன்மாரியை, வெளியில் பெண் எடுத்தால் தம்பி தன்னை விட்டுப் போய்விடுவான் என்று, சொந்தத் தம்பி பேச்சிமுத்துவுக்கே கட்டிவைத்தாள். எங்கள் பக்கத்தில் இது தெருவுக்கு நாலு வீட்டில் நடக்கிறதுதான், அதை நான் குறை சொன்னால் என் மாமியாரையே குறை சொன்னதாகிவிடும். லேத் பட்டறையில் வேலை பார்க்கிற பேச்சிமுத்துவுக்கு அபிதா என்று நாலு வயசில் ஒரு பெண். அதற்கப்புறம் இப்போது ஒரு பையன். அந்தப் பையனை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் கொக்குகள் வந்தன. இதைத் தெருவில் எல்லோரும் கவனித்திருந்தார்கள், ஆனால் நிழலுக்குக் காரணம் கேட்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழவேண்டும். விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டவேண்டும். அதற்கப்புறம்தான் பெயர், அதற்கப்புறம்தான் தொட்டில், அதற்கப்புறம்தான் பிள்ளை நிலைப்படியைத் தாண்டித் தெருவைப் பார்க்கலாம். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில், மிஞ்சினால் பத்து நாளில் விழுகிற கொடி, இவனுக்கு மாசம் தாண்டியும் விழவில்லை. தாயத்து டப்பாவிலேயே கறுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் பெயர் இல்லை; பாய்தான், தொட்டில் இல்லை.

நான் உள்ளே போகும்போது படுக்கையைச் சுற்றி வாழைப்பழச் சீப்புகள், எண்ணெய் பாட்டில்கள், சூடம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்தவை. கொடி விழாத பிள்ளை, கொக்கு குடை பிடிக்கிற பிள்ளை என்று பேச்சு பரவியிருந்தது. நான் பழத்தைப் பார்த்தேன், வடிவைப் பார்த்தேன், ஓகோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்புறம் பிள்ளையைப் பார்த்தேன். தொப்புளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் செவசெவவென்று கிடந்தது. கன்னத்தில் அக்காக்காரி நகம் பட்ட ஒரு கீறல், வந்து பலநாள் ஆகியும் இன்றைக்குத்தான் கீறினதுபோலப் பிளந்துகொண்டு, ஈரமாக, மூடவும் செய்யாமல் பழுக்கவும் செய்யாமல் இருந்தது.

“பாத்தியளா மதினி, இத்தனை நாளா ஒரு பொட்டு சீழ் கிடையாது,” என்றாள் வடிவு. “சீழே வைக்காத ரத்தம். பாக்க வாறவுக எல்லாம் தெய்வ ரத்தம்னுதான் சொல்லுதாவ.”

பூவேலையின் முன்பக்கம் என்று எனக்குப் பட்டது. மூன்று பிள்ளை வளர்த்து, கட்டியும் சிரங்கும் முழங்கால் சிராய்ப்பும் ஆயிரம் பார்த்த கை இது. “புண்ணுன்னா சீழ் வைக்கணும் வடிவு,” என்றேன். “வைக்கலேன்னா உள்ளே வேலைக்கு வரவேண்டிய ஆள் யாரோ வரலேன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ.”

கொடி விழாமல் வாசல் தாண்டக்கூடாது என்றாள். டாக்டரைக் கூட்டிவரலாமே என்றேன். என் வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் பார்த்துவிட்டு, ஊசி போட்டுவிட்டு, இது வீட்டில் வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை, ரத்தம் சோதிக்கணும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து மேலே பார்த்துவிட்டு, அவசரமாகப் போனார். வடிவு அசையவில்லை. பேச்சிமுத்து அக்காவைத் தாண்டிப் பேசி எனக்குத் தெரிந்து வழக்கமில்லை. சரி, தெருவை விட்டுச் சொல்லவைப்போம் என்று நாலு வீட்டில் பேசினேன். அப்போதுதான் எங்கள் தெருவின் பின்பக்கத்து முடிச்சு தெரிந்தது. முறை என்றால் முறைதானே என்றார் ஒருவர். குலவழக்கத்தில் நாம் தலையிடலாமா என்றாள் ஒருத்தி, மூன்று வருஷமாக எல்லார் வீட்டு வழக்கத்திலும் தலையிட்டவள். இஸ்திரிக்காரர் மட்டும் ஒளிக்கவில்லை. பிள்ளை போனால் கொக்கும் கூடவே போகும், கொக்கு போனால் நிழல் போகும், அக்னி முடியட்டுமே அம்மா என்றார். அக்னி முடிகிறவரைக்கும் பிள்ளை முடியாமல் இருக்கவேண்டுமே என்று நான் கேட்டதற்கு, பெட்டிக் கரியை ஊதிக்கொண்டு குனிந்துகொண்டார்.

ஒருநாள் காலையில் பொன்மாரி என் கொல்லைக்கதவுப் பக்கம் வந்து நின்றாள். கையில் குப்பைக்கூடை இருந்தது, குப்பை இல்லை. “அத்தை,” என்றாள், “அவன் உடம்புச் சூடு என் கையை விட்டுப் போகமாட்டேங்குது. தண்ணியில முக்கினாலும் போகமாட்டேங்குது. பால் குடிக்க மாட்டேங்கான். நான் தூக்கிட்டு ஓடிருவேன், ஆனா அம்மா நிலைப்படியில குறுக்க படுத்திருக்கா. அவளைத் தாண்டணும்.”

போய்ப் பார்த்தேன். உண்மையாகவே வடிவு நிலைப்படியில், தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று படுத்திருந்தாள். பழத்துக்கும் எண்ணெய்க்கும் பேருக்கும்தான் இப்படிக் கிடக்கிறாள் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன், அதையே கேட்டும்விட்டேன். எத்தனை சீப்பு வந்தால் எழுந்திருப்பாய் வடிவு என்று. அவள் கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலைமரத்தைத் தடவிக்கொண்டே, கரண்டு போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பொன்மாரிக்கு முன்னால் அவளுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். மாந்தத்தில் போய்விட்டன என்று தெருவில் சொல்லியிருந்ததை நானும் கேட்டிருக்கிறேன். மாந்தம் இல்லை. மூத்தவனுக்கும் கொடி விழவில்லை, சீழ் வைக்கவில்லை, அனலாகக் கொதித்தான். முறையை மீறி அவள்தான் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“ஆத்துப்பாலம் தாண்டல மதினி. மடியிலயே குளுந்துட்டான். நான் வாசல் தாண்டினதாலதான் போனான்னு வீட்டுல சொன்னாவ, ஊருல சொன்னாவ, அவன் அப்பா சாகிறவரைக்கும் சொன்னாவ. அடுத்தவனுக்கும் அதேதான். அவனை நான் தாண்டவிடல. அவனும் போயிட்டான், இந்தா இந்தப் பாயிலயேதான். அவனுக்கு யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லல.” நிலைமரத்திலிருந்து கையை எடுத்தாள். “தாண்டாம போனா அது விதி. தாண்டிப் போனா அது நான்.”

நிலைப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தேக்கு, பழையது, குங்குமமும் மஞ்சளும் ஏறிக் கறுத்தது, இந்தப் பக்கம் வீடு அந்தப் பக்கம் தெரு. மேலே கொக்குகள் காலை நீட்டி நீட்டி வழுக்கிக்கொண்டிருந்தன. உள்ளே பிள்ளை அழுதது. அழுதது என்றுகூடச் சொல்லமுடியாது, சத்தம் போட முயற்சி செய்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது, அன்றைக்கு அதுதான் கைகொடுத்தது.

“உங்க முறை என்ன சொல்லுது? பிள்ளை வாசலைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதானே? வாசல் நகரக்கூடாதுன்னு சொல்லுதா?”

வடிவு என்னைப் பார்த்தாள்.

“இந்த நிலையைக் கழட்டி முன்னால அனுப்பு,” என்றேன். “பிள்ளை பின்னால வரட்டும். வாசல் முன்னால போய்க்கிட்டே இருந்தா, அவன் எங்க போனாலும் வீட்டுக்குள்ளதான் இருக்கான்.”

நெடுநேரம் யோசித்தாள். இதில் எங்கே ஓட்டை என்று தேடுகிறாள் என்று தெரிந்தது. சந்தேகப்படுவதில் அவள் எனக்குக் குறைந்தவள் இல்லை. ஓட்டை இல்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, தம்பியைப் பார்த்து, ஆசாரியைக் கூப்பிடு என்றாள்.

சுடலைமணி ஆசாரி வந்து நிலையைச் சுற்றிச் செதுக்கிக் கழற்றுகிற வரைக்கும் தெரு முழுக்கக் கூடி நின்றது. நிலையைப் பெயர்த்தால் வீடு விளங்காது என்றார்கள், மழை வந்தால் என்ன செய்வாய் என்றார்கள், கதவில்லாத வீட்டில் பாத்திரம் தங்குமா என்றார்கள். நிழல் போகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பாத்திரம் ஒன்று குறைந்தாலும் தெருவில் ஒவ்வொரு அடுக்களையாக நான் வந்து திருப்பிப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். நிலையைக் குட்டியானை வண்டியில் நிற்கவைத்துக் கயிறு கட்டி முன்னால் விட்டோம். பின்னால் வாடகைக் காரில் பேச்சிமுத்து, அபிதா, மடியில் பிள்ளையோடு பொன்மாரி, பக்கத்தில் வடிவு, டாக்டர்களிடம் இங்கிலீஷில் சண்டை போட நான். காருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு லாரி புகுந்தால்கூட வடிவுக்குப் பதறியது, வேற்று ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டது மாதிரி. கொக்குகள் கொஞ்சம் தயங்கின. அப்புறம் அந்த வெள்ளைத் திரிகை அப்படியே தெருவைவிட்டுப் பெயர்ந்து, காருக்கு மேலே சுற்றிக்கொண்டே கூட வந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் வெயில் சுளீரென்று இறங்கியிருந்தது, எல்லோரும் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுங்கச்சாவடியில் ஒருவன் வண்டியை நிறுத்தி, சுவரில்லாமல் கதவு மட்டும் எங்கே போகிறது என்று கேட்டான். ஓட்டுநர் விழித்தார். வடிவு கார் கண்ணாடியை இறக்கி, “அது வாசல். வீடு பின்னால வருது, வழி விடுங்க,” என்றாள். அவன் காரைப் பார்த்தான், மேலே பார்த்தான், தடையைத் தூக்கினான். பாலங்கள் வந்தன. ஒவ்வொரு பாலத்திலும் வடிவு பிள்ளையின் மார்பில் கையை வைத்துக்கொண்டாள், பாலம் முடிந்ததும் எடுத்துக்கொண்டாள். நாலு மாவட்டம் தாண்டி டாக்டர் எழுதிக்கொடுத்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அங்கே வாட்ச்மேனோடு தகராறு. கட்டடத்துக்குள் நிலையைக் கொண்டுபோக விடமாட்டேன் என்றார், அதில் நியாயம் இருந்தது. அவர் எங்களையும் நாங்கள் அவரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றபிறகு ஒரு வழி பிறந்தது. நிலையை ஆஸ்பத்திரி வளாகத்தின் அந்தக் கடைசி மதில்சுவரில், வேப்பமரத்தடியில் சாத்தினோம். கட்டடம் நிலைக்கு இந்தப் பக்கம். ஆக, ஆஸ்பத்திரி முழுக்க வடிவின் வீட்டுக்குள் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்கமுடியவில்லை. நர்ஸ்களைக் காலைக் கழுவிவிட்டு வா என்றாள், கேன்டீன்காரனிடம் சாம்பாரில் பெருங்காயம் எங்கே என்றாள், தன் அடுக்களையில் இருப்பவள் மாதிரியே திரிந்தாள்.

ரத்தம் எடுத்தார்கள், பையனிடம், அப்பாவிடம், அம்மாவிடம், அபிதாவிடம். டாக்டர் சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, அதனால் நம்பலாம் என்று தோன்றியது. உட்காரவைத்துச் சொன்னாள். நம் உடம்பில் கிருமி நுழைந்தால் சண்டைக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவனுக்கு அது குறைவில்லை, சாதாரணப் பிள்ளைக்கு இருப்பதைவிடப் பலமடங்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் ரத்தக்குழாயின் சுவரைப் பற்றி நின்று, புண் எங்கேயோ அங்கே இறங்கவேண்டும். அந்தப் பிடிமானம் இவனுடைய அணுக்களுக்கு இல்லை. புண்ணுக்குப் பக்கத்திலேயே வந்து, வழுக்கிக்கொண்டு, திரும்பச் சுற்றிலேயே போய்விடும். இறங்காததால்தான் சீழ் இல்லை, கொடியும் விழவில்லை.

நான் கேட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். பேச்சிமுத்துவும் பார்த்தான். டாக்டர் பேச்சை நிறுத்தி, நாங்கள் எங்கே பார்க்கிறோம் என்று திரும்பினாள்.

“இதை அவன் வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அந்தக் கொக்குக எங்களுக்குச் சொல்லிக்கிட்டுதான் இருந்துச்சும்மா,” என்றாள் வடிவு. “எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியல.”

எதனால் வருகிறது என்று பொன்மாரி கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன். சொல்லவேண்டியது அவள் வேலை. அப்பாவிடம் ஒரு பழுது ஒளிந்திருக்கிறது, அம்மாவிடமும் அதே பழுது ஒளிந்திருக்கிறது, தனித்தனியாக இருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்யாது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் இப்படி. ஒரே ரத்தத்துக்குள் கட்டிக்கொண்டால் சேருகிற வாய்ப்பு கூடுதல் என்றாள். வடிவு தலையாட்டிக்கொண்டே கேட்டாள். தன் மாமன், தான், தன் தம்பி, தன் மகள் என்று விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்குவதை நான் பார்த்தேன். அப்போ காரணம் வாசல் இல்லை என்றாள், தனக்குத்தானே. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, இத்தனை வருஷம் தூக்கிவந்த குடத்தை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் வேறு குடத்தைத் தூக்கியவள் மாதிரி இருந்தாள். எடை அதேதான், ஆனால் இது அவளே பார்த்து எடுத்தது.

வழி ஒன்று உண்டு என்றாள் டாக்டர். பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜையை எடுத்து இவனுக்கு ஏற்றவேண்டும், அது வேர்பிடித்தால் பிடிமானமுள்ள புது அணுக்கள் வரும், பிடிக்காமலும் போகலாம். அபிதாவினுடையது அச்சாகப் பொருந்தியது. கெடுத்ததும் அந்த ரத்தம், கொடுத்ததும் அந்த ரத்தம். செலவுக்கு யார் யார் உதவினார்கள் என்று நான் எழுதப்போவதில்லை, எழுதினால் உதவாதவர்களும் வந்து வரிசையில் நிற்பார்கள். அபிதாவிடம், தம்பிக்கு உன்னிடமிருந்து கொஞ்சம் எடுக்கப்போகிறோம் என்று சொன்னபோது, திருப்பித் தருவானா என்று கேட்டாள். அவளும் என் மாதிரி வருவாள் என்று நினைக்கிறேன்.

ஏற்றிய பிறகு பையனைக் கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். பொன்மாரி மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே. வடிவு வேப்பமரத்தடியில், நிலைக்குப் பக்கத்தில். நான் ஊருக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். ஊரில் என்னோடு யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை; தெரு வெந்துகொண்டிருந்தது, நிழலைக் கடத்தியவள் நான். எனக்குப் பரவாயில்லை, மோர்மிளகாய் காய்ந்தது. பையனுக்கு ஒருநாள் காய்ச்சல் ஏறும், ஒருநாள் இறங்கும், டாக்டர் நல்லது என்றும் சொல்லமாட்டாள் கெட்டது என்றும் சொல்லமாட்டாள். வடிவு கொக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றைத் திட்டவும் செய்தாள். ஆளான ஆள்தானே, ஒரு சுவரைப் பிடிக்கத் தெரியாதா, காலு எதுக்கு வச்சிருக்கு என்று.

ஒருநாள் சாயங்காலம் நான் அவளுக்கு டிபன் பாத்திரத்தில் புளியோதரை கொண்டுவந்து கொடுத்து, அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சுற்றிலிருந்து ஒரு கொக்கு விலகிக் கீழே வந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான் என்று முதலில் நான் சட்டைசெய்யவில்லை. காலை நீட்டிற்று, சாத்திவைத்த நிலையின் மேல்கட்டையைத் தொட்டது, வழுக்கிற்று, சிறகை அடித்தது, மறுபடி தொட்டது. நகம் மரத்தில் பதிகிற சின்ன சத்தம் எனக்குக் கேட்டது. நின்றது. ஒற்றைக்கால், அப்புறம் அடுத்த கால். தன் காலைத் தானே நம்பாமல் குனிந்து பார்த்துக்கொண்டது. வடிவின் கையிலிருந்த புளியோதரை வாய்க்கும் பாத்திரத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. பேசினால் பறந்துவிடும் என்று எனக்குப் பயம், பேசினால் பொய்யாகிவிடும் என்று அவளுக்கு. அப்புறம் மரத்தடியில் சொத்தென்று ஒன்று விழுந்தது. எச்சம். அதைப் பார்த்தபிறகுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மறுநாள் மதிலில் ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. அந்த வாரத்துக்குள் வேப்பமரம் வெள்ளையாகப் பூத்ததுபோல ஆயிற்று, வாட்ச்மேன் எங்களைச் சபித்துக்கொண்டே கழுவினார். உள்ளே கண்ணாடி அறையில், துணி மாற்றும்போது கொடி பொன்மாரியின் கையிலேயே கழன்று வந்தது. சுருங்கி, கறுத்து, மிளகாய்வற்றல் மாதிரி. வடிவு அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பையனுக்கு அவன் பூட்டன் பெயரை வைத்தார்கள், சிவனணைந்தான்.

மாசங்கள் கழித்து அவனைக் கொண்டுவந்தோம். சுடலைமணி ஆசாரி நிலையைப் பழைய இடத்திலேயே வைத்துப் பூசினார். பாத்திரம் ஒன்றும் குறையவில்லை. நாலு கூடியிருந்தது, அது எப்படி என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரு வந்து பார்த்தது, சிரித்தது, எட்டநின்று கொஞ்சிற்று. யாருக்கும் முழு நம்பிக்கை இல்லை, எனக்கும்தான். வெளியே பார்க்கச் சிவப்பாகக் கொழுகொழுவென்றுதான் இருந்தான், ஆனால் முன்பக்கத்தைப் பார்த்து நான் எப்போது மார்க் போட்டேன்? வடிவும் போடவில்லை. எதிரும் புதிருமாக இரண்டு வாசலில் உட்கார்ந்து இரண்டுபேரும் அவனைக் கவனித்துக்கொண்டே இருந்தோம். அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வந்து, அபிதாவை என் பேரனுக்கு இப்பவே பேசி வச்சிருவமா, முறைதானே என்று கேட்டபோது, அவருக்கு வைத்த காப்பியை அவள் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனதையும் என் வாசலிலிருந்து பார்த்தேன்.

சிவனணைந்தான் தவழ ஆரம்பித்தான். ஒருநாள் காலையில் தெருவில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கொக்கைப் பார்த்து, அதை நோக்கி விறுவிறுவென்று வந்து, நிலைப்படியில் ஏறி, அதன் மேலேயே கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பக்கம் விழுந்தான். வடிவு எழவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, அவன் அழுகிற வரைக்கும் அப்படியே இருந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, பெரிசில்லை. பொன்மாரி கழுவி மருந்து போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் சாப்பிடவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, நான் மாடியில் மோர்மிளகாயைப் பரப்பிக்கொண்டிருக்கையில், தெருவில் வடிவின் குரல் கேட்டது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் வீட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறிவந்து, அவன் காலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். “மதினி, நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்பமாட்டிய.”

நான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டேன். காலை வெயிலுக்குத் திருப்பினேன், மறுபக்கம் திருப்பினேன். சிராய்ப்பின் ஓரத்தில், மஞ்சளாக, கடுகளவில் ஒன்று. கட்டைவிரலால் மெல்ல அழுத்தினேன், அவன் என்னை அடித்தான், அது உடைந்து விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். நாறியது.

“சீழ்தான் வடிவு,” என்றேன்.

அவள் அங்கேயே, என் மிளகாய்க்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஐஸ் பாக்டரித் தெருவில் வீட்டுக்கு வீடு சீனி கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் பேரனுக்குப் புண் பழுத்திருக்கிறது என்று சொன்னாள். இஸ்திரிக்காரர் ஒரு கணம் பெட்டியை நிறுத்தி, மேலே வெறும் ஆகாயத்தைப் பார்த்து, உள்ளங்கையில் வாங்கிய சீனியை வாயில் போட்டுக்கொண்டார்.